மல்லாக்க விழுந்த பிறகு...

கோடை விடுமுறை விட்டதும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி சுவர்களில் தற்காப்புக் கலை விளம்பரங்கள் முளைத்துவிடும். கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ இந்த மூன்றில் ஒன்று. ஒரு மாதம் வெயிலில் வரிசையாக நின்று காற்றைக் குத்தி, கடைசி நாளில் நான்கு ஓடுகளை உடைத்துக்காட்டி, சான்றிதழோடு குடும்பப் புகைப்படம். எட்டு வயதில் கறுப்பு பெல்ட் கட்டிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல வரவில்லை. பிள்ளைகளுக்கு உடம்பு வளைகிறது, கூச்சம் போகிறது. ஆனால், 'நாளைக்கு ஒரு ஆபத்துன்னா தப்பிச்சுக்குவா' என்று பெற்றோர் நம்பி அனுப்புகிறார்களே, அந்த நம்பிக்கையைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று கலைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றுக்கும் இடைவெளி வேண்டும். சிலம்பத்துக்கு ஒரு கம்பு நீளம், கராத்தேவுக்கு ஒரு கை நீளம், டேக்வாண்டோவுக்கு ஒரு கால் நீளம். எதிரி அந்தத் தூரத்தில் நிற்க வேண்டும், நாமும் நிற்க வேண்டும். நிஜத்தில் நடப்பது வேறு. முடியைக் கொத்தாகப் பிடிப்பான், சுவரோடு சேர்த்துக் கழுத்தை நெரிப்பான், தள்ளிவிட்டு மேலே ஏறி உட்காருவான். கம்பு வீட்டு மூலையில் இருக்கும். கையை ஓங்க இடமே இருக்காது.

தாக்குகிறவன் யார் என்பதும் இங்கே முக்கியம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளில், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்தான். 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் திருமணமான பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். இருட்டுச் சந்தில் மறைந்திருந்து பாய்கிற முகமூடிக்காரன் சினிமாவில்தான் அதிகம். வாழ்க்கையில் அவன் கூடத்திலோ கொல்லையிலோ பக்கத்தில் வந்து நின்று பேச்சுக் கொடுக்க உரிமையுள்ளவன். அதனால்தான் இடைவெளி முதலிலேயே போய்விடுகிறது.

இடைவெளி போன பிறகு என்ன செய்வது, அதிலும் கீழே விழுந்த பிறகு என்ன செய்வது? இதையே முதல் பாடமாக வைத்திருக்கும் கலை ஒன்று இருக்கிறது. பெயர் பிரேசிலியன் ஜூ-ஜிட்சு.

ஜப்பானில் முளைத்து பிரேசிலில் காய்த்தது

டோக்கியோவில் 1882-ல் ஜிகாரோ கானோ என்கிற இளம் ஆசிரியர் கொடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பழைய ஜப்பானிய மற்போர் முறைகளில் உயிரைக் குடிக்கிற அடிகளை விலக்கிவிட்டு, இருவரும் முழு பலத்தோடு மோதிப் பழகக்கூடிய பிடிகளையும் வீச்சுகளையும் மட்டும் வைத்துக்கொண்டார். அதுதான் ஜூடோ. 'கொஞ்சம் மெதுவாகப் பிடி, நான் விடுவித்துக் காட்டுகிறேன்' என்கிற ஒப்பந்தச் சண்டை அங்கே கிடையாது. எதிரில் இருப்பவன் நிஜமாகவே விடமாட்டான். கானோவின் பெரிய சாதனை இந்தப் பயிற்சி முறைதான் என்பது என் கருத்து.

அவருடைய கூடத்தில் தேர்ந்த மிட்சுயோ மயேடா ஊர் ஊராகச் சுற்றிச் சவால் போட்டிகள் ஆடி, 1914-ல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தார். அமேசான் ஆற்றின் முகத்துவாரப் பக்கத்தில் இருக்கும் பெலெம் நகரில் அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸும் தம்பி ஹீலியோவும் ரியோ டி ஜெனிரோவில் அந்தக் கலையைத் தங்கள் குடும்பச் சொத்தாகவே வளர்த்தார்கள். ஹீலியோ ஒல்லியான ஆள். தன்னைவிடக் கனமானவனைத் தூக்கி எறிய அவரால் ஆகாது. ஆகவே தரையில் கிடந்தபடியே காலாலும் இடுப்பாலும் எதிரியைக் கட்டிப்போடுகிற பக்கத்தைத் தீட்டித் தீட்டி வளர்த்தார். 1951 அக்டோபரில் மரக்கானா அரங்கத்தில் ஜப்பானின் மசாஹிகோ கிமுராவோடு மோதி, கை முறுக்கப்பட்டுத் தோற்றார். ஹீலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் குறுக்கிட்டு நிறுத்தினார். அந்தக் கைப்பூட்டுக்கு இன்றும் 'கிமுரா' என்றே பெயர். ஜெயித்தவன் பெயரைத் தோற்ற வீட்டார் தங்கள் பாடத்திட்டத்தில் வைத்துக்கொண்ட பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும்.

உலகம் திரும்பிப் பார்த்தது 1993 நவம்பர் 12 அன்று. அமெரிக்காவின் டென்வர் நகரில் வெவ்வேறு சண்டைக் கலைக்காரர்கள் மோதிய முதல் யு.எஃப்.சி. போட்டியில் குத்துச்சண்டைக்காரர், மல்யுத்தக்காரர், சவாட் என்னும் பிரெஞ்சு உதைச்சண்டை வீரர் என்று மூன்று பேரை ஒரே இரவில் அடுத்தடுத்து வென்றார் ஹீலியோவின் மகன் ராய்ஸ். எடை சுமார் 80 கிலோ. யாரையும் அவர் அடித்து வீழ்த்தவில்லை. கட்டிப் பிடித்தார், கீழே இழுத்தார், கழுத்தைப் பூட்டினார்.

ஜூ-ஜிட்சு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலேயே இடம்பிடித்துவிட்டது. சென்னையில் இதற்கான பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. காவிரிப் படுகைக்கு இன்னும் பெரிதாக வந்து சேரவில்லை. ஆனால், இதில் பாதியை இந்த மண் ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறது.

கணுக்காலைப் பிடிக்கிற ஊர்

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும் படுகை முழுக்கக் கபடிதான். அறுத்த வயலிலேயே மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்து, கோடு போட்டு, கம்பத்தில் விளக்குக் கட்டி, விடிய விடிய ஆடுவார்கள். சுழற்கோப்பையின் மேல் மறைந்த பெரியவர் ஒருவர் பெயர் இருக்கும். ஒலிபெருக்கியில் வர்ணனை பறக்கும்.

பாடி வருகிறவன் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பக் காலை நீட்டுகிறான். மூலையில் குந்தினாற்போல் இருந்தவன் அந்தக் கணுக்காலை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, தன் வயிற்றை நோக்கி இழுத்து மேலே தூக்குகிறான். தோள் அதே நொடியில் முழங்காலுக்கு மேலே முட்டுகிறது. ஒற்றைக் காலில் தவ்வுகிறவன் மேல் பக்கத்து ஆள் வந்து விழுகிறான். கண்ணிமைக்கும் நேரம்தான். மல்யுத்தத்தில் இதையே ஒற்றைக்கால் பிடி என்று பாடமாக வைத்து வருடக்கணக்கில் பழக்குகிறார்கள்.

இந்தப் பிடியில் பெயர் வாங்கிய தர்மராஜ் சேரலாதன் தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர். நாற்பதைத் தாண்டிய பிறகு, 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ் ஆடினார். பெண்கள் அணியும் தங்கம் வென்றது. அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார்.

கபடிக்கும் மல்யுத்தத்துக்கும் உள்ள உறவை வெளியூர்க்காரர்கள் நமக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டார்கள். ஈரானின் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர் ஃபசல் அத்ராசலி மல்யுத்தத்திலிருந்து கபடிக்கு வந்தவர். அவருடைய நாடுதான் 2018 ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் இந்தியாவை 27-18 என்று சாய்த்தது. அதுவரை ஆசிய விளையாட்டுக் கபடியில் இந்திய ஆண்கள் அணி தங்கத்தை யாருக்கும் விட்டதில்லை.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஒருவனைப் பிடிக்கத் தெரியும், இழுத்துப் போடத் தெரியும், விழுந்தால் அடிபடாமல் உருளத் தெரியும். எதிர்த்துத் திமிறுகிற உடம்போடு பழகிய உடம்பு அவர்களுடையது. அதுதான் கிடைப்பதற்கு அரிது. காற்றைக் குத்திப் பழகியவர்களிடம் இல்லாததும் அதுவே. கபடி ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. மூச்சு விட்டதும் விசில் அடித்துவிடுவார்கள். மேலே கிடப்பவன் எழுந்து கை கொடுப்பான். விசில் அடிக்க ஆளில்லாத இடத்தில் நடப்பதற்கு மேற்கொண்டு ஒரு பாடம் வேண்டும்.

நம் பழைய கோதாவிலும் இதே குறைதான். குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் கதை முடிந்தது. மாமா, சித்தப்பா காலத்துப் பயில்வான்கள் மல்லாக்க விழாமலிருக்கவே உயிரைக் கொடுத்தார்கள். விழுந்த பிறகு செய்வதற்கு எதையும் பழகவில்லை. 1910-ல் லண்டனில் காமா பயில்வானோடு மோதிய போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ இதை விசித்திரமாகப் பயன்படுத்திக்கொண்டார். குப்புறப் படுத்தவர் இரண்டரை மணி நேர ஆட்டத்தில் பெரும்பாலும் எழவே இல்லை. அவரைப் புரட்டிப் போட காமாவாலும் முடியவில்லை. ஆட்டம் சமன். பார்த்தவர்கள் எரிச்சல்பட்டார்கள். தரையில் ஒரு மனிதன் உறுதியாக இருந்தால் எவ்வளவு பெரிய பலசாலியும் திணறுவான் என்பதற்கு அதைவிட அலுப்பூட்டும் சான்று இருக்க முடியாது. 1928-ல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் கணக்கைத் தீர்த்தார்.

வயிற்றின் மேல் ஒருவன்

ஜூ-ஜிட்சுவில் தொடக்கப் பாடமாகக் கற்றுத் தருகிற ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். நீங்கள் மல்லாந்து கிடக்கிறீர்கள். ஒருவன் வயிற்றின் மேல் இரண்டு பக்கமும் முழங்காலிட்டு உட்கார்ந்து, கழுத்தில் கை வைத்திருக்கிறான். பழக்கமில்லாதவர்கள் செய்வது, இரண்டு கையாலும் அவன் மார்பைப் பிடித்துத் தள்ளுவது. அவனுடைய மொத்த எடையும் கீழ்நோக்கி இருக்கும்போது நம் கைபலம் எம்மாத்திரம்? நான்கு முறை தள்ளினால் மூச்சு வாங்கிவிடும்.

செய்ய வேண்டியது இது. அவனுடைய ஒரு கையை, வலது கை என்று வைத்துக்கொள்வோம், உங்கள் இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்துக் காலால் அவன் பாதத்துக்கு வெளியே கொக்கி போட வேண்டும். இப்போது அந்தப் பக்கம் சாய்ந்தால் ஊன்றிக்கொள்ள அவனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. குதிகால்களைப் பிட்டத்தோடு ஒட்டி இழுத்து, இடுப்பை வானத்தைப் பார்த்து உயர்த்தி, மாட்டிக்கொண்ட கையின் பக்கமாகத் தோளுக்கு மேல் புரள வேண்டும். ஒரு பக்கத்து முட்டு இரண்டையும் எடுத்துவிட்ட பந்தல்போல் அவன் அந்தப் பக்கமே சரிவான். இங்கே வேலை செய்வது இடுப்பு. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்கு இடுப்பின் வலுவைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

புரட்டிய பிறகுதான் பலர் தவறு செய்கிறார்கள். மேலே வந்துவிட்டோம், அடிப்போம் என்று தங்கிவிடுகிறார்கள். தங்கக் கூடாது. எழுந்து ஓட வேண்டும். எழுவதற்கும் முறை இருக்கிறது. முதுகைக் காட்டாமல் ஒரு கையைப் பின்னால் ஊன்றி, ஒரு காலை எதிரிக்கும் நமக்கும் நடுவே வேலியாக நீட்டி, இடுப்பைத் தூக்கி, நீட்டிய காலைப் பின்னால் இழுத்து நிற்க வேண்டும். இந்த இரண்டோடு, பக்கவாட்டில் இறால்போல் உடம்பைச் சுருக்கி நழுவுவது, பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் கையைப் பிரிப்பது, மணிக்கட்டை விடுவிப்பது ஆகியவற்றையும் திமிறுகிற ஆளோடு சில மாதங்கள் பழகினால் ஒரு பெண்ணுக்கோ, சிறுவனுக்கோ, மருத்துவமனை ஊழியருக்கோ போதும். மற்ற நூற்றுக்கணக்கான பூட்டுகள் ஆசைக்கு.

இந்தத் தொகுப்பில் கழுத்துப் பூட்டை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கழுத்தின் இரு பக்கத்து ரத்தக் குழாய்களையும் சரியாக அழுத்தினால் சுமார் பத்து நொடியில் மயக்கம் வரும். பயிற்சிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர் தட்டினால் விட்டுவிடுவார்கள். ஆத்திரத்தில் இருப்பவனுக்குப் பத்தாவது நொடியில் விடத் தோன்றாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுத் தருவதில் எனக்கு உடன்பாடில்லை.

கைகொடுக்காத இடங்கள்

ஜூ-ஜிட்சு ஆர்வலர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாசகம், 'தொண்ணூறு சதவீதச் சண்டைகள் தரையில்தான் முடிகின்றன' என்பது. இதற்கு ஆதாரமாக லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையின் 1988-ம் ஆண்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டுவார்கள். அதில் இருந்த எண் 62. அதுவும் போலீஸ்காரர்கள் ஆளைப் படுக்க வைத்து விலங்கு மாட்டிய சம்பவங்களின் கணக்கு. டீக்கடைச் சண்டைக்கு அதைப் பொருத்துவது நியாயமில்லை.

போட்டி ஜூ-ஜிட்சுவில் வீரர்கள் தாமாகவே உட்கார்ந்து, மல்லாந்து, எதிரியைக் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொள்வார்கள். அடி, குத்து இல்லாத விதிமுறையில் அது நல்ல உத்தி. கப்பி ரோட்டில், எதிரியின் இடுப்பில் என்ன செருகியிருக்கிறதென்று தெரியாதபோது, அது தற்கொலை. நம் ஊர்ச் சண்டையில் அரிவாள் வெகு சீக்கிரம் வந்துவிடும். கட்டிப் புரளும்போது கத்தி எங்கே இறங்குகிறதென்றே தெரியாது. அரிவாளைப் பார்த்தால் ஓட்டம்தான் வித்தை. அதற்குக் காலில் தெம்பு இருந்தால் போதும்.

கூட்டமும் அப்படித்தான். படுகையில் வன்முறை பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மடைத் தண்ணீர்த் தகராறில் தொடங்கி, கோயில் திருவிழா, சாதி, கட்சி என்று எதுவாயினும் அவனுக்குப் பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். நீங்கள் ஒருவனைத் தரையில் அழகாகப் பூட்டிக்கொண்டிருக்கும்போது மற்றவன் தலையில் மிதிப்பான். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதுபோன்ற வன்முறைக்கு எந்தத் தற்காப்புக் கலையிலும் பதில் கிடையாது. சங்கமும் சட்டமும் அரசும் பார்க்க வேண்டிய வேலையைத் தனிமனித உடம்பின் மேல் சுமத்தக் கூடாது.

தரைப் பிடி கைகொடுக்கிற இடம் சின்னது: ஒற்றை ஆள், ஆயுதமில்லை, மிக அருகில், பெரும்பாலும் தெரிந்த முகம். குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிற மச்சானைப் பல் உடையாமல் அடக்கிப் படுக்க வைப்பதும் இதில் சேர்த்தி. மறுநாள் காலையில் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே! சின்ன இடம்தான் என்றாலும், மேலே சொன்ன கணக்குகளைப் பார்த்தால் பெண்கள் அதிகம் மாட்டிக்கொள்வதும் அந்த இடத்தில்தான்.

சட்டமும் இங்கே பிடிப்பவர் பக்கம் சாய்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. 37-வது பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கு செய்யக் கூடாது என்கிறது. 38-வது பிரிவு, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமிலவீச்சு போன்ற நிலைகளில் எதிரியின் உயிர் போனாலும் உரிமை உண்டு என்கிறது. ஆளை அடக்கிப் பிடித்தவருக்கு அந்த அளவுகோலை விளக்குவது சுலபம். மண்டையை உடைத்தவருக்கு வக்கீல் செலவு கூடும்.

போரவையில் ஒரு முழங்கால்

தரைச் சண்டை தமிழுக்குப் புதிதா என்றால், புறநானூற்றின் 80-வது பாட்டைப் படித்தவர்கள் சிரிப்பார்கள். உறையூர்த் தித்தனோடு பகைத்துப் பிரிந்த மகன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்ற காட்சியைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். வீழ்ந்த மல்லனின் மார்பில் சோழனின் ஒரு கால் மடிந்து அழுந்துகிறது. மற்றொரு கால், மல்லன் செய்யப்பார்க்கிற தந்திரங்களைத் தடுத்தபடி பின்னால் வளைந்து நிற்கிறது. இன்று ஜூ-ஜிட்சு பயில்கிற எவரிடமும் இதை விவரித்தால், வயிற்றின் மேல் முழங்காலை ஊன்றும் தங்கள் பிடியையும், இன்னொரு காலை அகட்டி ஊன்றி நிலைகொள்வதையும் அடையாளம் கண்டுவிடுவார். பார்த்தவர் எழுதியது என்பது அந்த இரண்டாவது காலில் தெரிகிறது. கேள்விப்பட்டு எழுதுகிறவர் மார்பில் அழுந்திய காலோடு நின்றிருப்பார்.

இதைச் சொல்வது, எல்லாம் நம்மிடமிருந்துதான் போனது என்று மார்தட்ட அல்ல. இரண்டு கை, இரண்டு கால் உள்ள மனித உடம்பு தரையில் கிடந்தால் எங்கேயும் ஒரேமாதிரிதான் பூட்டிக்கொள்ளும். காவிரிக் கரையிலும் அமேசான் கரையிலும் அப்படித்தான்.

பயிற்சி எங்கே?

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை வைத்து நடத்திய ஆய்வொன்று 2015-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு 12 மணி நேரப் பயிற்சி. மறுபாதிக்குத் துண்டுப் பிரசுரம். ஓராண்டு முடிவில் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் பிரசுரக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சிக் குழுவில் 5.2. அந்தப் பயிற்சியில் உடம்பு வித்தை ஒரு பகுதிதான். தெரிந்தவன் எல்லை மீறும் அடையாளங்களைக் கண்டுகொள்வது, அவன் மனம் நோகுமே என்ற தயக்கத்தை உடைத்துக் கத்துவது ஆகியவையும் சேர்ந்திருந்தன. நம் பெண் பிள்ளைகளுக்குப் பூட்டுப் பிடிகளைவிட இந்தக் கத்தல்தான் கடினமான பாடமாக இருக்கும். சித்தப்பாவை எதிர்த்துக் குரல் உயர்த்தக் கூடாதென்று நாமே பழக்கியிருக்கிறோமே.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கான மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி, சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் ஏற்கெனவே நடக்கிறது. அதற்குள் கராத்தே, சிலம்பத்தோடு தரையிலிருந்து எழுகிற பாடத்தையும் சேர்க்க முடியும். புதிதாகக் கட்டடம் வேண்டாம். கபடிக்காக விரித்த ரப்பர் பாய்கள் படுகையின் உள்ளரங்குகளில் கிடக்கின்றன. பாய் இல்லாத ஊரில் கிளறிய மண்ணே போதும். கணுக்கால் பிடியில் கைதேர்ந்த பழைய கபடி வீராங்கனைகளுக்கும் ஜூடோ பயின்ற பெண்களுக்கும் சில வாரம் பயிற்சி கொடுத்தால் ஆசிரியர்களும் தயார். பயிற்றுநர் பெண்ணாக இருப்பது கட்டாயம் என்றே சொல்வேன். கட்டிப் புரண்டு பழகுகிற கலை இது. ஆணிடம் அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. ஒரு பெண் இன்னொரு பெண்ணோடு மட்டுமே பழகினால், 80 கிலோ ஆண் மேலே உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று தெரியாது. எடை கூடிய பெண்களை எதிரில் போட வேண்டும். வாரம் ஒருமுறையாவது முழு பலத்தோடு மோதவிட வேண்டும். நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும், கம்மலையும் வளையலையும் கழற்றி வைக்க வேண்டும். வேர்வையில் ஊறிய பாயைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்காவிட்டால், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரண்டே வாரத்தில் வகுப்பு மொத்தத்துக்கும் படர்தாமரை வந்துவிடும். அதன்பிறகு எந்தத் தாயும் மகளை அந்தப் பக்கம் அனுப்ப மாட்டாள்.